அறையா, ஊரா, வாடகை வீடா: தீராத வலியோடு எங்கே இருப்பது?

2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் சொன்னாள்: “எய்யா, அங்கன தனியா கிடந்து ஏன் கஷ்டப்படுத? ஊருக்கு வந்துரு. நான் பாத்துக்கிடுதேன்.”

நான் அப்போது பெருங்குடியில் ஒரு பி.ஜி. விடுதியின் மூன்றாம் மாடியில் இருந்தேன். வயது 25. மாதம் இரண்டு ஊசி. விடியற்காலை மூன்றரைக்கு வலி எழுப்பிவிடும். அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. அம்மா கூப்பிட்டதும் அழுகை வந்தது, உடனே கிளம்பிவிடலாம் என்றும் தோன்றியது. ஜூனில் கிளம்பினேன். நவம்பரில் திரும்பி வந்தேன், ஆனால் பழைய அறைக்கு அல்ல. இந்த மூன்று இருப்புகளையும் ஒரே நோயோடு, ஒரே மருந்தோடு வாழ்ந்து பார்த்துவிட்டதால், இதே கேள்வியில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இருபதுகளில் நாள்பட்ட நோய் வந்தால் மருந்தைப் பற்றிச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பதைப் பற்றி உட்கார்ந்து பேச யாரும் கிடைப்பதில்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு முழுக்க அதைச் சார்ந்தது. எனக்கு இருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். ஏ.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். உடம்பின் எதிர்ப்பு மண்டலமே முதுகெலும்பின் மூட்டுகளையும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தையும் தாக்கி அழற்சி உண்டாக்கும். இது வயதானால் வரும் தேய்மானம் அல்ல. பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். 45 வயதுக்கு மேல் புதிதாக வருவது அரிது. கவனிக்காமல் விட்டால் பல வருடங்களில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு இறுகிவிடும்.

2018இல், கல்லூரி மூன்றாம் ஆண்டில், வலி தொடங்கியது. டிஸ்க் என்றார்கள், பைக் ஓட்டுவதால் என்றார்கள், பெல்ட் கட்டச் சொன்னார்கள். அப்பா, “இந்த வயசுல என்னல இடுப்பு வலி?” என்று கேட்டார், அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. 2022 ஆகஸ்டில்தான் ஒரு ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, ஹெச்.எல்.ஏ. பி27 பரிசோதனையும் பார்த்துப் பெயரைச் சொன்னார். (பி27 இருப்பதாலேயே நோய் என்று பயப்பட வேண்டாம். அந்த மரபணு இருக்கும் பலருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் வருவதில்லை.) இப்படி வருடக்கணக்கில் தாமதமாவது இந்த நோயில் சாதாரணம்.

அன்று அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. சாதாரண முதுகு வலி ஓய்வெடுத்தால் குறையும். இந்த வலி ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். இரவின் பின்பாதியில் எழுப்பும். காலையில் உடம்பு கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். அசைய அசையத்தான் இளகும். ஆகவே எந்த இடத்தை ஒப்பிட்டாலும் நான் பார்க்க வேண்டியிருந்தது இரண்டைத்தான்: காலையில் என்னை எழுப்பி நடக்கவைக்கிற இடமா, மருந்து தடைபடாமல் கிடைக்கிற இடமா. வாடகை, சாப்பாடு, தனிமை, சொந்தபந்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இது எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது.

பி.ஜி. அறை

மாதம் 8,500 ரூபாய், சாப்பாட்டோடு சேர்த்து. ஒரு அறையில் மூன்று பேர். அலுவலகம் நடந்தால் 20 நிமிடம். அந்த நடை எனக்கு எவ்வளவு நல்லது செய்துகொண்டிருந்தது என்பது ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வலித்தாலும் எழ வேண்டும், குளிக்க வேண்டும், படி இறங்க வேண்டும். யாரும் “படு” என்று சொல்ல மாட்டார்கள். மருத்துவர் அரை மணி நேர தூரத்தில். பரிசோதனைக்கூடம் தெருமுனையில்.

கெட்டது அதைவிட நீளம். இந்த நோய்க்குக் காலையில் வெந்நீர்க் குளியல் பாதி மருந்து. அங்கே கீசர் ஏழு மணிக்குத்தான் போடுவார்கள், வரிசையில் ஆறேழு பேர் நிற்பார்கள். எனக்கு வெந்நீர் தேவைப்படுவது ஐந்து மணிக்கு. அதே ஐந்து மணிக்கு உடற்பயிற்சி செய்ய இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும்; தூங்குகிறவன் முகத்தில் லைட்டைப் போட முடியாது. நடுவில் குழி விழுந்த தேங்காய்நார் மெத்தை. பல நாள் வராந்தாவில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்திருக்கிறேன். குப்புறப் படுப்பது எங்களுக்கு ஒரு பயிற்சி: இடுப்பும் முதுகும் முன்பக்கமாக மடங்கி இறுகாமலிருக்க, தினமும் கால் மணி நேரமாவது படுக்கச் சொல்வார்கள்.

ஊசி இன்னொரு தொல்லை. இரண்டு வலிநிவாரணி மாத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக முழு அளவில் பார்த்தும் போதாததால் 2023 ஜனவரியில் பயாலஜிக், அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைத் தணிக்கும் ஊசி மருந்து, தொடங்கினார்கள். அடலிமுமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்கடியில் நானே போட்டுக்கொள்வது. தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலர் உடம்பில் உறங்கிக் கிடக்கிறது, இந்த மருந்து அதை எழுப்பிவிடக்கூடும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையக் கூடாது, ஒரு தடவை உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். விடுதியின் பொது ஃபிரிட்ஜில் டப்பாவில் பெயர் எழுதி வைத்திருந்தேன். யாரோ தண்ணீர் பாட்டில் வைக்க இடம் போதாமல் அதை ஃப்ரீஸருக்குள் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு ஊசியின் விலை என் ஒரு மாத வாடகையைவிட அதிகம். திறந்து பார்த்தபோது வெள்ளையாக உறைந்திருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யார் மேலும் கோபப்பட எனக்கு நியாயம் இருக்கவில்லை. அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அறைத் தோழர்களிடம் “ஜிம்ல வெயிட் தூக்கினதுல பிடிச்சுகிச்சு” என்றுதான் எட்டு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் வலியைச் சுமப்பதோடு, அது இல்லாத மாதிரி நடந்துகாட்டும் வேலையையும் சுமந்தேன். பி.ஜி. வாழ்க்கையில் என்னை அதிகம் களைப்பாக்கியது எது என்று கேட்டால் படிக்கட்டையோ மெத்தையையோ சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஊர்

அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் வீடு. மேலதிகாரியிடம் மருத்துவக் கடிதம் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். முதல் இரண்டு வாரம் சொர்க்கம். ஐந்து மணிக்கு அம்மா வெந்நீர் போட்டுவைப்பாள். முடக்கத்தான் தோசை, கொள்ளு ரசம், சுடச்சுடச் சோறு. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டு முழுக்க என் ஊசிக்கு ஒதுக்கப்பட்டது. கரண்ட் போனால் வந்துசேரும் வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டார்.

ஆறும் இருந்தது. ஏ.எஸ். காரர்களுக்கு நீச்சல் மிக நல்ல பயிற்சி, தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால். ஞாயிறு காலைகளில் தாமிரபரணியில் மல்லாந்து மிதந்திருக்கிறேன். வலி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பது அந்த அரை மணி நேரம் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் ஞாயிறு வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற ஆறு நாளும் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் பத்தடி. “நீ எந்திரிக்காத, நான் எடுத்துத் தாரேன்.” “வெயில்ல எங்க போறே, செத்த நேரம் படு.” எங்கள் ஊரில் அன்பு என்றால் ஓய்வெடுக்கச் சொல்வது. காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அது சரி. எனக்கு அது விஷம், ஆனால் அதைக் கொடுக்கிற கை அம்மாவின் கை. “ஓய்வெடுத்தா கூடும்மா” என்று நான் சொன்னால், பிள்ளை நம்மைச் சிரமப்படுத்தக்கூடாது என்று பேசுகிறான் என்றே எடுத்துக்கொள்வாள். போனில் இருந்த நடைக் கணக்கைப் பார்த்தேன்: சென்னையில் சராசரியாக நாளுக்கு 7,000 அடி வைத்திருந்தேன், ஊரில் 1,900.

இன்னொன்று, பேச்சு. ஊரில் நோய் ரகசியம் இல்லை, ஆனால் நோயின் பெயர் யாருக்கும் தெரியாது. “கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்தா அப்படித்தான்.” “எங்க மச்சினனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஒரு எண்ணெயிலயே சரியாப்போச்சு.” பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற மாவட்டத்துக்காரர்கள் நாங்கள், சித்த மருத்துவம் எங்களுக்கு வீட்டுப் பழக்கம், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. பயம் வேறு ஒன்றில்தான்: பட்டம் பெற்ற வைத்தியர் யாரும் எழுதித் தராமல், பெயரும் இல்லாமல், பொட்டலத்தில் கட்டிக் கைமாறி வருகிற பொடி. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி மாயமாகிவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு பொட்டலம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு வருத்தம்.

செப்டம்பரில் இடது கண் சிவந்தது. பெரியம்மா வந்து பார்த்து, “மெட்ராஸ் ஐதான், ஊரெல்லாம் இருக்கு, நந்தியாவட்டைப் பூவை ஒத்திக்கோ” என்றாள். ஒன்றரை நாள் அப்படியே போனது. இந்த நோய் இருக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் பரவும். ஒரு கண் மட்டும் சிவந்து, உள்ளே வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், பீளையும் இல்லை என்றால் அது கண்ணின் உள்ளே வரும் அழற்சியாக இருக்கலாம். ஏ.எஸ். உள்ளவர்களுக்கு அது வரும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வைக்கு ஆபத்து. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போனேன். ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் தந்தார்கள். கண் தப்பியது. இந்த இடத்தில் ஊரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல கண் மருத்துவமனை பக்கத்தில்தான் இருந்தது. தவறியது என் பக்கம்: கண்ணைப் பற்றி மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தும் வீட்டில் யாருக்கும் நான் சொல்லி வைக்கவில்லை.

மருத்துவரைப் பார்ப்பதுதான் சிரமம். எனக்கு வழக்கமாகப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் சென்னையில். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளுக்குப் பிறகு வீடியோவில் பார்ப்பது எளிதாகிவிட்டது. இரத்தப் பரிசோதனையை அம்பாசமுத்திரத்திலேயே எடுத்து அனுப்பிவிடலாம். ஆனாலும் முதுகை வளைத்து, மூட்டை அழுத்திப் பார்க்க நேரில் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்காது. அந்த ஒதுக்கீடு முதியவர்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும். இருபத்தைந்து வயதுப் பையன் கீழ்ப் படுக்கை கேட்டால் எதிரில் இருப்பவர் மேலும் கீழும் பார்ப்பார். 2023 செப்டம்பர் 24 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் சென்னை. உட்கார்ந்தே வர வேண்டும் என்றாலும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து பெட்டிக்குள் நடக்கலாம். எனக்கு மேல் படுக்கையைவிட இதுவே மேல்.

வேலையை விட்டுவிடுவது

அக்டோபரில் அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் நேரில் வரச் சொன்னார்கள். வீட்டில், “விட்டுட்டு டி.என்.பி.எஸ்.சி. படி” என்றார்கள். இந்த வழியை நான் வாழ்ந்து பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விலக்கினேன். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது என் முதுகுக்கு அலுவலகத்தைவிடக் கடினம். அதைவிடப் பெரிய காரணம் காப்பீடு.

நிறுவனம் தரும் குழுக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோயும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே சேரும். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. குறைத்தும் மூன்று வருடம். வேலையை விட நினைத்தால், விடுவதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். விட்ட பிறகு கேட்டால் பிடி நம் கையில் இருக்காது. விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள், எவ்வளவு பேர் மறைக்கச் சொன்னாலும். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதமாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். வீட்டில் நாமே போட்டுக்கொள்ளும் ஊசியை வெளிநோயாளிச் செலவு என்று தள்ளும் பாலிசிகள் நிறைய. மருத்துவமனையில் டே கேராக, அதாவது அன்றே சேர்த்து அன்றே அனுப்பும் முறையில், நரம்பில் ஏற்றும் மருந்தென்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு கூடுதல். எந்த மருந்து என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவரிடமும் காப்பீட்டிடமும் ஒரே வாரத்தில் பேசிவிடுங்கள். நான் பேசாமல் தொடங்கி, முதல் நான்கு மாதம் கைக்காசைக் கொட்டினேன்.

சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருக்கும். நோய்க்கால உதவியாக வருடத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பல இளைஞர்களுக்குத் தெரியவே தெரியாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். இவை எதற்கும் எட்டாத நடுவில் நிற்பவர்களுக்கும் வழி இல்லாமலில்லை: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. கூட்டம் இருக்கும். ஆனால் பெயர் தெரியாத வலியோடு ஐந்தாறு மருத்துவர்களிடம் அலைவதைவிட, ஒரு நாள் அந்த வரிசையில் நிற்பது எவ்வளவோ மேல்.

ஊனமுற்றோர் சான்றிதழ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.எஸ். என்ற பெயர் கிடையாது. அசைவு குறைந்து 40 சதவீதம் என்று மருத்துவக் குழு கணித்தால் கை, கால், முதுகு அசைவுக் குறைபாட்டின் கீழ் கிடைக்கும். தொடக்கத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, வலி எவ்வளவு இருந்தாலும், அது கிடைப்பது கடினம். வலியை அளக்க அந்தப் படிவத்தில் இடமில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மூன்று பேர், ஒரு தரைத்தள வீடு

நவம்பரில் திருவான்மியூரில் கல்லூரி நண்பர்கள் இருவரோடு வீடு பிடித்தேன். வாடகை 24,000, ஆளுக்கு எட்டாயிரம். சாப்பாடு, கேஸ், கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் பி.ஜி.யைவிட மாதம் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல். பேச்சிலர் என்று பதினோரு வீட்டில் கதவை மூடினார்கள். முன்பணத்தைப் புரட்ட அப்பா நகையை அடகு வைத்தார். அந்தக் கடன் போன வருடம்தான் அடைந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த வழி பணம் இல்லாமல் திறக்காது.

குடி போவதற்கு முன்னால் நண்பர்கள் இருவரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினேன். ஊசி எப்படி வைக்க வேண்டும், கண் சிவந்தால் என்ன செய்ய வேண்டும், எது என்னால் முடியாது என்று. ஒருவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத்தனை நாள் ஏன்டா சொல்லல?” என்றான். இன்னொருவன் கேட்டது உருப்படியான கேள்வி: “காலைல உன்னை எழுப்பணுமா, விடணுமா?”

எழுப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஐந்தரைக்கு அவன் கதவைத் தட்டுவான். விடியுமுன் கீசரைத் தானே போட்டுவிடும் டைமர் 400 ரூபாய்க்கு வாங்கினோம். வெந்நீர், கால் மணி நேரம் குப்புறப் படுக்கை, சுவரில் குதிகாலும் முதுகும் தலையும் ஒட்டி நிற்பது, மார்பு விரிய மூச்சு, பிறகு கடற்கரைச் சாலையில் மூன்று பேரும் நடை. 20 லிட்டர் கேனை நான் தூக்குவதில்லை, தரை பெருக்குவதில்லை. இரவுச் சமையலும் வீட்டுக் கணக்கும் என்னுடையது. தயவில் வாழ்கிறோம் என்ற எண்ணம் வராமல் இருக்க இந்தப் பங்கீடு முக்கியம். வேலைகளைக் காகிதத்தில் எழுதிப் பிரித்துக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. நண்பர்கள் ஊருக்குப் போகும் பொங்கல், தீபாவளி வாரங்களில் நான் தனியே இருக்க முடியாது, கூடவே கிளம்ப வேண்டும். ஒருவனுக்குக் கல்யாணம் ஆனாலோ வெளிநாட்டு வேலை கிடைத்தாலோ இந்த வீடு கலைந்துவிடும். அம்மாவின் சமையல் இல்லை, ஆறு இல்லை. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் ஊர். தாங்க முடியாமல் விழுந்து ஓடுவதாக இல்லாமல், முன்கூட்டியே டிக்கெட் போட்டு, ஐஸ் பேக் வைத்த டப்பாவில் ஊசியோடு (ஐஸ் ஊசியில் நேராகப் படாமல் நடுவில் துணி சுற்றி) போகிறேன். அப்படிப் போகும்போது அம்மாவுக்கும் நான் நோயாளியாகத் தெரிவதில்லை, லீவுக்கு வந்த பிள்ளையாகத் தெரிகிறேன்.

இனி அளவு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுகிறேன். முட்டியை மடக்காமல் குனிந்தால் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி: பி.ஜி.யின் கடைசி மாதம் 14 செ.மீ., ஊரின் கடைசி மாதம் 21 செ.மீ., இந்த வீட்டில் எட்டாம் மாதம் 9 செ.மீ. காலை இறுக்கம் விலக எடுத்த நேரம்: பி.ஜி.யில் ஒரு மணி நேரம், ஊரில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல், இங்கே அரை மணிக்குள். மருந்து மூன்று இடத்திலும் அதேதான். மருந்து நாளாக நாளாகக் கூடுதலாக வேலை செய்திருக்கலாம், கண் அழற்சி வந்த மாதம் கணக்கைக் கெடுத்திருக்கலாம். ஒருத்தன் உடம்பை வைத்து ஊருக்கே சொல்ல முடியாது. ஆனால் என் முடிவை எடுக்க எனக்கு இது போதும். ஏ.எஸ்., வேலை, குழுக் காப்பீடு மூன்றும் இருந்தால் நகரத்தில், நோயைத் தெரிந்த ஆட்களோடு இருங்கள் என்பேன். தெரியாத ஆட்களோடு இருக்கும் அறையைவிட ஊர் மேல் என்றும் சொல்வேன்.

இதையே தலைகீழாகச் செய்த தோழி

என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு லூபஸ், அதுவும் எதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்கும் நோய்தான். அவளுக்கு நடை மருந்து அல்ல. வெயில் பட்டாலே நோய் கிளம்பும், களைப்பு வந்தால் தலை சீவக்கூடக் கை எழாது. சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை விடாமல் வேண்டும், சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக வருடாவருடம் கண்ணின் பின்திரையும் பார்க்க வேண்டும். சென்னை விடுதியிலிருந்து அலுவலகத்துக்கு மத்தியான வெயிலில் இரண்டு பஸ் மாறுவாள். அவள் 2023 கடைசியில் திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டாள். வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து இரண்டு மணி நேரம். ருமட்டாலஜி துறை அங்கே பெரியது. அவளுக்கு ஊருக்குப் போனதால் மருத்துவர் பக்கமானார், எனக்குத் தூரமானார். ஓய்வும் நிழலும் அவளுக்குத் தேவை, அவள் அம்மா கொடுப்பதும் அதைத்தான்.

அவள் கொடுக்கும் விலை வேறு. வரன் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லாதே என்று வீட்டில் தினமும் ஒரு பேச்சு. சொல்லிவிட்டுத்தான் பேசுவேன் என்று அவள் நிற்கிறாள். இரண்டு வரன் போய்விட்டது. நான் போன் செய்தபோது அழவில்லை. “அண்ணா, மறைச்சுக் கல்யாணம் பண்ணினா மாத்திரையை எங்க ஒளிச்சு வைப்பேன்?” என்று கேட்டாள். உறைந்துபோன ஊசி டப்பாவை அவளிடம் அன்றுதான் முதன்முதலில் சொன்னேன்.

ஆகவே நோயின் பெயர் மாறினால் என் விடையை எடுத்துக்கொள்ளாதீர்கள், கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்தால் பல நாள் படுக்கையில் தள்ளிவிடும் நாள்பட்ட களைப்பு நோய் இருக்கிறவர்களிடம் “நட, நட” என்று சொல்வது கொடுமை. 2021இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியே படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை அந்த நோய்க்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டது. உங்கள் உடம்புக்கு நாளில் மோசமான நேரம் எது, அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள், அவர்கள் செய்வது நோய்க்கு நல்லதா என்று பாருங்கள். நல்ல நாளை மனதில் வைத்து வீடு பிடித்துவிடாதீர்கள். நான் பி.ஜி.யைப் பிடித்தது அப்படி ஒரு நல்ல நாளில்தான், மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறிப் பார்த்துவிட்டு.

எங்கள் வாடகை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. ஒரு நண்பன் பெங்களூருக்குப் போகப்போகிறான். புதிதாக வருகிறவனிடம் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை கடற்கரை வரைக்கும் கூட்டிப் போகத் தேவையிருக்காது, சமையலறையில் நின்றே சொல்லிவிடுவேன். ஊரில் அம்மாவிடமும் ஒரு மாற்றம். போன தீபாவளிக்கு என்னோடு மருத்துவரைப் பார்க்க வந்திருந்தாள். அவர் படம் வரைந்து, ஏன் படுக்கக்கூடாது என்று அவளுக்குத் தனியாக விளக்கினார். மூன்று வருடம் நான் சொல்லி ஏறாதது அன்றைக்கு ஏறியது. இப்போது காலையில் போன் எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.

“நடந்தியாய்யா?” என்கிறாள்.